கல் கரைப்பவர்

ஜூன் 9, திங்கள்

நேற்று சொந்தக்கார உறம்பரை வீட்டுச் சீர் விருந்தில் தமயந்தி கறிக்குழம்பை மறுபடி மறுபடி வாங்கி ஊற்றிக்கொண்டாள். எதிர்ப் பந்தியிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீடு வந்து சேர்ந்ததும் ஆரம்பித்துவிட்டது. வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே வலி. அங்கிருந்து முதுகுக்குப் போய் வலது தோள்பட்டையில் ஏறுகிறதாம். வயிற்று வலி தோளில் எப்படி ஏறும் என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க தெரியும், நோவுறதைச் சொல்றேன்" என்றாள்.

சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். நானே வைத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். கோபிசெட்டிபாளையத்தில் எத்தனை ஆண்கள் மனைவிக்குச் சீரகத் தண்ணீர் வைக்கிறார்கள்? குடித்த சற்று நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டாள்.

கடைக்கு மூன்று மோட்டார்கள் ரீவைண்டிங்குக்கு வந்தன. மாடித் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தமயந்தியின் தம்பி மோகனசுந்தரம் வந்திருந்தான். பவானியில் பெட்ரோல் பங்க் மேனேஜர். அதற்கே டாக்டருக்குப் படித்தவன் போலப் பேசுவான். "மாமா, இது மூணாவது வாட்டி. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துப்போடுங்க" என்றான். இதே வலி மாசியிலும் சித்திரையிலும் வந்ததை அவள் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டு விஷயம் வெளியே போவது இப்படித்தான்.

ஜூன் 16, திங்கள்

ஈரோட்டில் ஸ்கேன். பார்த்தது ஒரு பெண் டாக்டர், வயது முப்பத்தைந்து இருக்கும். தமயந்தி உள்ளே சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது என்னை உட்காரச் சொல்லி, பதில் பேச இடம் கொடுக்காமல் பேசிக்கொண்டே போனார்.

"பித்தப்பை நிறையக் கல் இருக்குங்க. வலியே இல்லாம சும்மா கிடக்கிற கல்லுன்னா நாங்க ஒண்ணும் பண்ணச் சொல்ல மாட்டோம். இவங்களுக்கு வலி திரும்பத் திரும்ப வருது. பித்தக்குழாயும் கொஞ்சம் விரிஞ்ச மாதிரி தெரியுது. கல் ஏதாச்சும் நழுவிக் குழாய்க்குள்ள இறங்கியிருக்கலாம். இன்னொரு ஸ்கேன் பார்த்துட்டு ஆபரேஷன் வெச்சுக்கலாம். சின்னத் துளை போட்டுத்தான் பண்ணுவோம், சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். தள்ளிப் போடாதீங்க. கண்ணு மஞ்சளானாலோ, நடுக்கத்தோட காய்ச்சல் வந்தாலோ, ராத்திரி பகல் பார்க்காம கூட்டிட்டு வந்துடுங்க. அது உயிருக்கு ஆபத்து."

இவர்கள் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறார்கள். கத்தி வைக்கிறவர் வேறென்ன சொல்வார்?

பஸ்ஸில் தமயந்தி கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"சின்னக் கல்லுதான் அம்மிணி. பத்தியமா இருந்தா தானே கரைஞ்சு போகும்னுட்டாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

சித்தோடு தாண்டும் வரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். மனைவியைப் பயமுறுத்துவது கணவன் வேலையல்ல. பயமே பாதி நோய் என்று எங்கள் மன்றத் தலைவர் ஐயா அடிக்கடி சொல்வார்.

ஜூன் 22, ஞாயிறு

இயற்கை நல்வாழ்வு மன்றத்தின் மாதக் கூட்டம். சிவப்பிரகாசம் ஐயா சேலத்திலிருந்து வந்திருந்தார். எழுபது வயதிலும் அந்த முதுகு வளையவில்லை. ஜூலை இருபதில் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பெரிய முகாம் என்று அறிவித்தார். ஈரோடு மாவட்ட அமைப்பாளர் பொறுப்பு காலியாக இருப்பதையும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் தமயந்தியின் ஸ்கேனைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊருக்குச் சொல்றதை முதல்ல வீட்ல நிரூபிச்சுக் காட்டுங்க, சென்னியப்பன். முகாம் மேடைல உங்க சம்சாரமே பேசட்டும்" என்றார்.

வீடு வரும்வரை நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

ஜூன் 25, புதன்

ஐயாவின் முறைப்படி தமயந்திக்கு ஆப்பிள் சாறு மட்டும். ரசம் சோறு கேட்டாள். கொடுக்கவில்லை.

ஜூன் 28, சனி

கல் இறக்கும் நாள். மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. மாலையில் பேதி உப்பைக் கரைத்துக் கொடுத்தேன். பிறகு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கலக்கி ஒரு பெரிய டம்ளர்.

"ஏனுங்க, வாசமே கொமட்டுது. எண்ணெய் பட்டாத்தான் எனக்கு நோவே வருது. இத்தனை எண்ணெயை எப்படிங்க குடிக்கிறது?"

"ஒரே மூச்சில குடி."

பாதியில் வாயை மூடிக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொள்ள நான்தான் உதவினேன். தாடையில் என் விரல் பதிந்துவிட்டது. அவள் தோல் எப்போதுமே அப்படித்தான், தொட்டாலே சிவந்துவிடும். குடித்து முடித்ததும் வலப்பக்கமாகப் படுக்க வைத்தேன். முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

வெற்றி! பச்சைப் பச்சையாக உருண்டைகள், பட்டாணி அளவில், சில அதைவிடப் பெரியவை. பழைய டீ வடிகட்டியில் பிடித்து எடுத்தோம். தமயந்தி கழிவறையிலிருந்து வெளியே வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வடிகட்டியை அவளே கழுவிக் கொடுத்தாள். படம் எடுத்து மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல் வந்துகொண்டே இருக்கிறது. "கத்தியின்றிக் கல் அகற்றிய சென்னியப்பன்" என்று ஐயாவே எழுதியிருக்கிறார்.

உருண்டைகளை முகாமில் காட்ட ஒரு பாட்டிலில் போட்டு வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

பாட்டிலில் இருந்ததெல்லாம் வெயிலுக்கு உருகி எண்ணெயாகிவிட்டது. கல் உருகுமா? கொல்லையில் கொட்டிவிட்டேன். முகாமுக்குப் படமே போதும்.

தென்னை மரம் ஏறும் ஆள் வந்தான். நல்ல காய்.

ஜூலை 8, செவ்வாய்

கடையிலிருந்து வந்தபோது தமயந்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். கல் போன இடத்தில் புண் ஆறுகிறது என்று எடுத்துச் சொன்னேன். அடுப்பில் குக்கர் தீய்ந்துபோயிருந்தது. கவனமில்லை.

ஜூலை 12, சனி

அரிப்பு. உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு எல்லாம் சொறிகிறாள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, மலம் சாம்பல் போல வெளுத்துப் போகிறது என்றாள். ஒரு பெண் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வது எனக்கே கூச்சமாக இருந்தது. ஐயாவைக் கேட்டேன். உடம்பு உள்ளிருக்கும் கழிவைத் தள்ளும்போது நிறம் மாறும், பயப்பட வேண்டாம் என்றார்.

சொறிந்து சொறிந்து கையெல்லாம் தடிப்பு. மேடையில் பார்க்க நன்றாக இருக்காது. முழுக்கை ரவிக்கை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

கண் சற்று மஞ்சள். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறேன்.

மோகனசுந்தரம் போன் செய்தான். தூங்குகிறாள் என்றேன். அவள் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஓய்வு வேண்டும் அல்லவா?

ஜூலை 18, வெள்ளி

மண்டபத்துக்குப் பேனர் கட்டியாயிற்று. வாசலுக்கு ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று, பவானி ரோட்டில் ஒன்று. தமயந்தியின் படம் பெரிதாக, பக்கத்தில் என் படம். கல்யாணத்தில் எடுத்த பழைய படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னேன். இப்போதைய முகம் சரிப்படாது.

மதியம் சாப்பிட வந்தபோது அவள் போர்வைக்குள் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. தொட்டால் நெருப்பு. காய்ச்சல் என்பது உடம்பு தன்னைச் சுத்தம் செய்யும் தீ. மாத்திரை கொடுத்து அதை அணைக்கக் கூடாது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை கழியட்டும்."

"அதுக்குள்ள எதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"என்ன ஆகும்? நான் பக்கத்துலயே இருக்கேன்ல?"

என் முகத்தையே பார்த்தாள். சிரித்தாளோ என்னவோ, உதடு ஒரு பக்கம் இழுத்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நானே கூட்டிப்போவதாகத்தான் இருக்கிறேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. நல்ல அறிகுறி என்று நினைத்தேன். புது ரவிக்கை, மாம்பழக் கலர் பட்டு. அந்தச் சேலையோடு பார்த்தால் முகத்தின் மஞ்சள் அவ்வளவாகத் தெரியாது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டேன். கேட்டால் கண் வலி என்று சொல்லச் சொன்னேன். வாடகைக் காரிலிருந்து மேடை வரை நானும் மன்றத்துப் பெண் ஒருத்தியும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். "இத்தனை கூட்டமா?" என்று கேட்டாள். குரல் குழறியது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசல் வரை நின்றார்கள். ஐயா எனக்குச் சால்வை போர்த்தினார். என் பெயரைச் சொல்லி, மாவட்டத்துக்கு இனி இவர்தான் என்றார். நான் அரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். பிறகு மைக்கைத் தமயந்தி கையில் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"வணக்கமுங்க" என்று ஆரம்பித்தாள். அதோடு நின்றுவிட்டது. மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. நான் பக்கத்தில் போய் "கல்லு" என்று எடுத்துக்கொடுத்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். முன் வரிசையில் ஒரு பெண் "ஐயோ, அந்தக் கண்ணைப் பாருங்க" என்று கத்திவிட்டாள்.

"எனக்குக் குளுருதுங்க" என்றாள் தமயந்தி, மைக்கிலேயே. "யாராச்சும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா மைக் செட்காரனுக்குக் கையைக் காட்டினார். மைக் அணைந்தது. அவள் அது தெரியாமல் அணைந்த மைக்கில் அதையே திரும்பவும் கேட்டாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மோகனசுந்தரம் வந்தான். ரோட்டில் பேனரைப் பார்த்திருக்கிறான். மேடையேறி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவளைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டான். என்னைக் கடக்கும்போது, "என்ற அக்காளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களைச் சும்மா உடமாட்டேன்" என்றான். அத்தனை பேர் முன்னிலையில், புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவனைப் பார்த்து.

மதிய உணவு ஏற்பாடு இருந்ததால் நான் சற்றுப் பொறுத்துத்தான் கிளம்ப முடிந்தது.

ஜூலை 21, திங்கள்

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவு. கல் பித்தக்குழாயை அடைத்து, தேங்கிய பித்தத்தில் சீழ் பிடித்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, சிறுநீரகமும் தடுமாறுகிறது என்கிறார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பைத் திறந்து, பித்தம் வடிய உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

வயதான டாக்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு எப்ப மஞ்சளாச்சு?"

"முந்தாநேத்துங்க."

"காய்ச்சல்?"

"அதுவும் அப்பத்தானுங்க."

எழுதிக்கொண்டார். மோகனசுந்தரம் என்னைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கென்ன தெரியும்?

போனில் இருந்த படத்தை டாக்டரிடம் காட்டினேன். கல் வெளியே வந்ததற்கு ஆதாரம் இருக்கிறதே. அவர் ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்தார். "இது கல் இல்லீங்க. அவங்க குடிச்ச எண்ணெய்தான் வயித்துக்குள்ள சோப்பு மாதிரி கட்டியாயிருக்கு. கல்லெல்லாம் உள்ளேயேதான் இருக்கு. வெறும் எண்ணெயைக் குடிக்க வெச்சதில பித்தப்பை இறுக்கிப் புழிஞ்சு, ஒரு கல் குழாய்க்குள்ள போயிருந்தாலும் ஆச்சரியமில்லை" என்றார்.

அவர்களுக்குப் பொறாமை இருக்காதா?

ஜூலை 23, புதன்

இன்னும் கண் திறக்கவில்லை. கடைக்குப் போய் வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஐயா போன் செய்தார். முகாமில் யாரோ எடுத்த வீடியோ பரவுகிறதாம். "பத்தியத்தை மீறினவங்களுக்கு மன்றம் பொறுப்பேற்க முடியாதில்லீங்களா, சென்னியப்பன்? நீங்களே குழுவில ஒரு வார்த்தை எழுதிட்டா நல்லது. மாவட்டப் பொறுப்புல இருக்கிறவர் சொன்னா ஒரு மதிப்பு."

எழுதினேன். என் மனைவி எனக்குத் தெரியாமல் எண்ணெய்ப் பலகாரங்கள் சாப்பிட்டு வந்தார், அதனால் ஏற்பட்ட விளைவுக்கு முறையையோ மன்றத்தையோ குறை சொல்ல முடியாது என்று. சாப்பிட்டிருக்கவும் கூடும். நான் நாள் முழுக்கக் கடையில் இருப்பவன்.

ஜூலை 28, திங்கள்

கண் விழித்துவிட்டாள். சாதாரண வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். உடம்பு தேறியபின் பித்தப்பையை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இது திரும்ப வரும் என்கிறார்கள். மோகனசுந்தரம் டீ குடிக்கப் போயிருந்த நேரம் நானும் அவளும் மட்டும் இருந்தோம். இளைத்து, காலில் மட்டும் வீக்கம் வடியாமல் கிடந்தாள்.

"அன்னிக்கு ஈரோட்டுல அந்த டாக்டரம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அன்னிக்கே சொன்னேன்ல? சின்னக் கல்லு, பத்தியம்னு."

"நடுவுல ஒரு துணித் திரைதானுங்க இருந்துச்சு."

நான் ஜக்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"எல்லாமே கேட்டுச்சு. மஞ்சக்கண்ணு, நடுக்கம், உசுருக்கு ஆபத்து, எல்லாம். பஸ்ஸுல உங்களைக் கேட்டேன். ஒண்ணுமில்லைன்னீங்க. சரி, வீட்டுக்குப் போய்ச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பொறவு, எண்ணெய் குடிக்க வெக்கறதுக்கு முன்னாடி சொல்லுவீங்கன்னு நெனச்சேன். கண்ணு மஞ்சளானப்பவாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"தெரிஞ்சுதான் இருந்தியா? அப்ப நீயே வாயைத் திறந்திருக்கலாமே!"

"திறந்திருக்கலாமுங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இருபத்திரெண்டு வருசமா உங்க கூட இருந்திருக்கேன். புள்ளை இல்லை, உங்களுக்கு நான், எனக்கு நீங்கன்னு. நான் செத்தாலும் பரவால்லைன்னு நீங்க நெனைக்கறீங்களா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. கிறுக்குத்தனந்தான். உசுரை வெச்சு யாராச்சும் சோதிச்சுப் பாப்பாங்களா?"

"நான் அப்படி நெனைப்பேனா அம்மிணி?"

"இல்லீங்க. நீங்க அப்படிக்கூட நெனைக்கல. என்னை நெனைக்கவே இல்லை."

நர்ஸ் ஊசி போட வந்தாள். நான் வெளியே வந்துவிட்டேன். காய்ச்சலில் இருப்பவர்கள் பேசுவதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து தமயந்தி நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பவானி போனேன். ஆற்றங்கரையில் நல்ல கூட்டம், பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. அவள் வெளியே வரவில்லை. மோகனசுந்தரம் கதவருகில் நின்றே பேசினான். "அக்காளுக்குத் துணிமணி வேணும். லிஸ்டெல்லாம் கிடையாது, பீரோவோட வண்டில ஏத்தித் தாட்டி உடுங்க" என்றான்.

கோபம் தணிந்தால் வருவாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். மூன்று நாள் ஆகிறது. நல்லபடி நடந்து, மறுநாளே எழுந்து நடந்திருக்கிறாள். கடைக்கு வந்த ஒரு பவானிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணவன் கையெழுத்து கேட்டிருப்பார்களே என்றேன். "அவங்களே போட்டுட்டாங்களாமா" என்றார்.

வீட்டில் சிலந்தி வலை. சமையலுக்கு வரும் அம்மாள் உப்பு அதிகம் போடுகிறாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாவட்ட அமைப்பாளர் என்ற முறையில் முதல் கூட்டம் நடத்தினேன். கூட்டம் குறைவுதான், மழை.

மதியம் அந்தியூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெயர் நாச்சிமுத்து. யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்குப் பித்தப்பையில் கல். தையில்தான் கல்யாணம் ஆனதாம்.

"கத்தி வெக்காம நீங்க எடுத்துத் தர்றீங்கன்னு சொன்னாங்க. எப்ப கூட்டிட்டு வரலாமுங்க?"

உணவு முறையைக் கேட்டுக்கொண்டேன். ஆப்பிள் சாறு பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

"ஒண்ணு சொல்லணுமுங்க. நேத்திலிருந்து புள்ளைக்குக் கண்ணு மஞ்சளா தெரியுது. இப்ப குளுருதுன்னு நடுங்கிட்டு இருக்கறா."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். "ஒரு நிமிசம் தாமதிக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரியாப் பாருங்க. பித்தக்குழாய்ல அடைப்புன்னு சொல்லுங்க. கண்ணு மஞ்சளாகி நடுக்கம் வந்தா உசுருக்கே ஆபத்து. வண்டி இருக்குதா? இல்லீன்னா ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. கஞ்சி, கஷாயம், ஒண்ணும் குடுத்துட்டு நிக்காதீங்க."

அவர் அழுதுகொண்டே நன்றி சொன்னார். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, சேர்த்துவிட்டோம், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார், உங்களைத் தெய்வமாக நினைப்போம் என்றார். என் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மன்றத்துக்குத் தெரிந்தால் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

செய்தது சரிதான். யாரோ வீட்டுப் பெண். ஏதாவது ஆகிவிட்டால் ஊர் நம்மைக் கேள்வி கேட்கும், கேஸ் அது இதுவென்று இழுத்தடிப்பார்கள். தமயந்தி விஷயத்தில் அந்தப் பயம் இல்லை. அவள் நம் வீட்டு ஆள்.